ஒரு மீட்டர், ஆறு குடும்பங்கள்: கணக்கு எங்கே தவறுகிறது?

மணலி புதுநகரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவரிடம் வீட்டுக்காரர் மூன்று தொகைகளைச் சொல்வார். வாடகை இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, கரண்ட் யூனிட்டுக்கு எட்டு ரூபாய். முதல் இரண்டிலும் கொஞ்சம் பேரம் பேசலாம். மூன்றாவதில் பேச்சுக்கே இடமில்லை. "போர்டுக்கு நான் கட்டுவதைத்தான் உங்களிடம் வாங்குகிறேன்" என்பார் அவர். "வீட்டுக்கு நூறு யூனிட் இலவசம் என்று அரசாங்கம் சொல்கிறது, இவர் எட்டு ரூபாய் வாங்குகிறாரே" என்று குடியிருப்பவர் மனத்துக்குள் பொருமுவார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் இதில் விந்தை. அந்த விந்தைக்குக் காரணம் யாருடைய பேராசையும் என்று நான் கருதவில்லை. தவறு கணக்கு முறையில் இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணிதமும் பதினோராம் வகுப்பு இயற்பியலும் இருந்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

மணலி புதுநகர், தொழிற்சாலைப் பகுதியை ஒட்டிச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மனை பிரித்து உருவாக்கிய துணைநகரம். ஒரு குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்ட மனையில் முதலில் தரைத்தளம் எழும்பும். பிள்ளைகள் வளர வளர மாடி எழும்பும். பிறகு மாடிக்கு மேல் மாடி. மணலி, எண்ணூர், அத்திப்பட்டு ஆலைகளில் வேலை செய்பவர்கள் அவற்றில் குடிவருவார்கள். கட்டடம் வளர்ந்த வேகத்தில் மின் இணைப்பு வளர்வதில்லை. மூன்று தளம், ஆறு குடித்தனம், ஆனால் வாசலில் ஒரே மீட்டர் என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இந்தப் பக்கத்தில்தான் புகை விட்டுக்கொண்டிருந்தது. அது மூடப்பட்ட பிறகும் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் அருகிலேயே இருக்கின்றன. மின்சாரம் பிறக்கும் இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வாழ்பவர்கள், அதற்கு மாநிலத்தின் வேறு எந்த எளிய குடும்பத்தையும் விடக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றால் அதை ஆராய வேண்டாமா?

முதலில் கட்டண முறையைப் பார்ப்போம். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல். இந்த யூனிட்டின் விலை தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே சீராக இருப்பதில்லை. மாடிப்படி போல ஏறிக்கொண்டே போகும். 2016 மே மாதத்தில் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தின்படி, இரு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் ரூ.2.25 என்ற சலுகைப் படியே கிடையாது. 101 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6, 501 முதல் 600 வரை ரூ.8, 601 முதல் 800 வரை ரூ.9, 801 முதல் 1000 வரை ரூ.10, அதற்கு மேல் ரூ.11. இதன் பிறகு விகிதங்கள் உயர்ந்திருக்கின்றன. ஆனால் நம்முடைய கேள்வி படிக்கட்டின் உயரத்தைப் பற்றியதன்று, அதன் வடிவத்தைப் பற்றியது. ஆகவே கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று இக்கட்டுரை முழுவதும் 2022 விகிதங்களையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆறு குடும்பங்கள், ஒவ்வொன்றும் இரு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு, ஒரு குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி உள்ள சாதாரண வீடு இது. தனித்தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு ரூ.225. ஆறு வீட்டுக்கும் சேர்த்து ரூ.1,350.

அதே ஆறு வீடுகளும் ஒரே மீட்டரில் இருந்தால்? மின்வாரியத்தின் கண்ணுக்கு அது 1,200 யூனிட் செலவழிக்கும் ஒரே வீடு. யாரோ பெரும் பணக்காரர் நான்கு குளிர்சாதனக் கருவிகளை வைத்துக்கொண்டு வாழ்கிறார் என்று அந்தக் கணக்கு நினைக்கிறது. முதல் நூறு இலவசம். அடுத்த முந்நூறுக்கு ரூ.1,350. அதற்கடுத்த நூறுகளுக்கு ரூ.600, ரூ.800. பிறகு ரூ.1,800, ரூ.2,000. கடைசி இருநூறுக்கு ரூ.2,200. மொத்தம் ரூ.8,750. ஒரு குடும்பத்தின் பங்கு ரூ.1,458. தனி மீட்டரில் ரூ.225 கொடுக்க வேண்டிய குடும்பம், அதே விளக்கையும் அதே விசிறியையும் போட்டுக்கொண்டு, ஆறரை மடங்கு கொடுக்கிறது.

எட்டு ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். 8,750 ரூபாயை 1,200 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு ரூ.7.29. மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார், வராத பாக்கி எல்லாவற்றையும் சேர்த்து வீட்டுக்காரர் எட்டு என்று முழுமையாக்கிவிடுகிறார். அவருக்கு இதில் பெரிய லாபம் இருப்பதாகவும் தெரியவில்லை. ஆறு வீட்டில் ஒன்று அவருடையது என்றால், மற்ற ஐந்து வீட்டிலிருந்து 1,000 யூனிட்டுக்கு ரூ.8,000 வாங்குகிறார். தன் கையிலிருந்து ரூ.750 போடுகிறார். தனி மீட்டர் இருந்திருந்தால் அவருக்கும் ரூ.225 தான். குடியிருப்பவரிடம் கூடுதலாக வாங்கியும் அவர் நஷ்டத்தில்தான் இருக்கிறார்! கூடுதலாகச் சென்ற ரூ.7,400 முழுவதும் மின்வாரியத்துக்குப் போயிற்று. ஆண்டுக்கு ஆறு முறை கட்டணம் என்றால் ரூ.44,400. புதிய இணைப்புகளுக்கு ஆகும் வைப்புத்தொகை, வளர்ச்சிக் கட்டணம், வயரிங் கூலி ஆகிய அனைத்தும் ஒரு தடவைச் செலவு. இந்த இழப்போ இரு மாதத்துக்கு ஒரு தடவை.

ஏழை வீட்டுக்குக் குறைவாகவும் வசதியான வீட்டுக்குக் கூடுதலாகவும் விலை வைக்க வேண்டும் என்பதுதான் படிக்கட்டுக் கட்டணத்தின் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் அது ஒரு மீட்டரை ஒரு குடும்பம் என்று நம்புகிறது. தனி பங்களாவில் இருப்பவருக்கு அந்த நம்பிக்கை பொருந்தும். ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கு அதுவே எதிராகத் திரும்புகிறது. சலுகை யாருக்காக ஏற்பட்டதோ அவரைத் தவிர மற்றவர்களுக்குக் கிடைக்கிறது. ஒரே கட்டடத்தில் தனித்தனிக் குடித்தனங்களாகப் பிரிந்திருந்தால் தனித்தனி இணைப்பு வாங்குவதற்கு வழி இருக்கத்தான் செய்கிறது. வீட்டுக்காரர்கள் தயங்குவதற்குக் காரணங்கள் பல. அனுமதிக்கு மேல் எழுப்பிய மாடி, வரி கூடிவிடுமோ என்ற அச்சம், அலைச்சல். யாரை எடுத்தாலும் மாதம் ஒன்றுக்குத் தம்முடைய இழப்பு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தவர் குறைவு என்பதே என் எண்ணம்.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். சரியாக 500 யூனிட் எரித்த வீட்டின் கட்டணம் ரூ.1,725. 501 எரித்தால் ரூ.1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ.233! தனி வீட்டில் அது யாருடைய யூனிட் என்று கேட்க வேண்டியதில்லை. மூன்று வீடுகள் சேர்ந்த மீட்டரில் அந்த 501-வது யூனிட்டை எரித்தது யார்? இந்தக் கேள்விக்கு மீட்டரால் விடை சொல்ல முடியாது. எல்லோரும் சேர்ந்துதான் அந்தப் படியை மிதித்தார்கள்.

இங்கேதான் பங்கீட்டின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. எல்லா வீடும் ஒரே அளவு எரித்தால் எப்படிப் பிரித்தாலும் ஒரே விடைதான் வரும். வீடுகள் சமமாக இல்லாதபோது என்ன செய்வது?

கீழ் வீட்டில் வயதான தம்பதியர், 150 யூனிட். மேல் வீட்டில் குளிர்சாதனக் கருவி, 450 யூனிட். ஒரே மீட்டர். மொத்தம் 600 யூனிட்டுக்குக் கட்டணம் ரூ.2,750. தனித்தனி மீட்டர் இருந்திருந்தால் கீழ் வீட்டுக்கு ரூ.112.50, மேல் வீட்டுக்கு ரூ.1,425 ஆகியிருக்கும்.

ஆளுக்குப் பாதி என்றால் தலைக்கு ரூ.1,375. இது அநியாயம் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பல இடங்களில் இதுதான் நடக்கிறது. சப்மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் பிரித்தால் கீழ் வீட்டுக்கு ரூ.687.50, மேல் வீட்டுக்கு ரூ.2,062.50. அறிவியல் முறை என்று பலரும் நம்புவது இதைத்தான். அளந்துதானே பிரிக்கிறோம், இதில் என்ன தவறு என்பார்கள். தனியாக இருந்தால் கொடுத்திருக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கீழ் வீட்டின் சுமை ஆறு மடங்குக்கு மேல் ஆயிற்று. மேல் வீட்டின் சுமை ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் ஆயிற்று. இவ்வளவும் அளந்து பிரித்ததன் விளைவு! ஆற்றலைச் சரியாக அளந்தார்கள். ஆனால் விலை ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் இல்லை என்பதை மறந்துவிட்டார்கள். நேர்கோடு அல்லாத ஒன்றை நேர்கோடாகக் கருதிச் சராசரி எடுத்தால் சிறிய பங்குதாரர் தோற்பார். சோதனைச் சாலையில் மாணவர் இப்படிச் செய்தால் மதிப்பெண் குறைப்போம்.

லாயிட் ஷேப்லி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1953-ஆம் ஆண்டில் இத்தகைய கூட்டுச் செலவுகளைப் பிரிக்க ஒரு வழி சொன்னார். பிற்காலத்தில், 2012-ல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். பங்குதாரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்வதாக எண்ணிக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் வரும்போது செலவு எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். வரிசையை மாற்றி மாற்றிப் போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். நம் கணக்கில் கீழ் வீடு முதலில் வந்தால் அதன் செலவு ரூ.112.50, இரண்டாவதாக வந்தால் ரூ.1,325. சராசரி ரூ.718.75. மேல் வீட்டுக்கு ரூ.2,031.25. கணித அழகு மிக்க முறைதான். ஆனால் விடை யூனிட் கணக்கைவிடக் கீழ் வீட்டுக்குச் சற்றுக் கடுமையாகவே இருக்கிறது. நோபல் பரிசு பெற்றவரின் முறை என்பதற்காக அதை மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்து மாட்ட வேண்டியதில்லை.

எனக்கு நியாயமாகத் தோன்றும் முறை வேறு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் இருந்தால் என்ன கட்டணம் வந்திருக்கும் என்று முதலில் கணக்கிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் ரூ.112.50, ரூ.1,425, கூட்டினால் ரூ.1,537.50. உண்மையில் வந்த கட்டணம் ரூ.2,750, அதாவது 1.79 மடங்கு. இருவரையும் அதே மடங்கால் பெருக்குங்கள். கீழ் வீட்டுக்கு ரூ.201, மேல் வீட்டுக்கு ரூ.2,549. மீட்டர் ஒன்றாக இருப்பதால் வரும் தண்டனை இருவருக்கும் ஒரே விகிதத்தில் விழுகிறது. இலவச யூனிட்டின் பயன் சிறிய வீட்டுக்கும் ஓரளவு மிஞ்சுகிறது. மேல் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். "நான் தனியாக இருந்தால் ஐந்நூறைத் தாண்டியிருக்க மாட்டேனே" என்பார். அவர் சொல்வது சரியே. அப்படியானால் தனி இணைப்புக்கு மனுப்போட அவருக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது! குறைவாகச் செலவழிப்பவரை வருத்தும் முறையில் எந்த மாற்றமும் வராது, ஏனெனில் குரல் எழுப்பும் வலிமை பெரும்பாலும் அவருக்கு இருப்பதில்லை.

இனி அளக்கும் கருவிக்கு வருவோம். சப்மீட்டர்களின் கூட்டுத்தொகை மெயின் மீட்டரோடு ஒருநாளும் ஒத்துப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த புகார். ஆறு சப்மீட்டரும் சேர்ந்து 1,150 காட்டும். மெயின் 1,200 காட்டும். மீதி ஐம்பதை யார் திருடினார்கள்? பெரும்பாலும் யாரும் திருடவில்லை. மாடிப்படி விளக்கும் மோட்டாரும் எந்தச் சப்மீட்டரிலும் சேராதவை. மெயினிலிருந்து சப்மீட்டர் வரை ஓடும் கம்பி சூடாவதில் கொஞ்சம் போகிறது. இவை போக, கருவியின் இயல்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

எந்த மீட்டரும் மிகச் சிறிய மின்னோட்டத்தை உணராது. பழைய மீட்டரில் கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். காந்தப்புலம் அந்தத் தட்டில் தூண்டும் சுழல் மின்னோட்டமே அதைச் சுற்றுகிறது. மின்னோட்டம் மிகக் குறைந்தால் தாங்கியின் உராய்வை வெல்ல முடியாமல் தட்டு நின்றுவிடும். இன்றைய மின்னணு மீட்டரில் சுழல்வது ஒன்றுமில்லை. ஆனாலும் முதல் தர மீட்டர் ஒன்று அடிப்படை மின்னோட்டத்தில் 0.4 விழுக்காட்டிலிருந்து எண்ணத் தொடங்கினால் போதும் என்றுதான் தரவிதி கேட்கிறது. அடிப்படை மின்னோட்டம் 5 ஆம்பியர் என்றால் இது 20 மில்லி ஆம்பியர். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 வாட். அணைத்துவிட்டோம் என்று நினைக்கும் தொலைக்காட்சியும் சுவரிலேயே தொங்கும் செல்பேசி மின்னேற்றியும் சேர்ந்து 3 வாட் எடுக்கலாம். வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கும்போது, வேறு எதுவும் ஓடாவிட்டால், அந்த 3 வாட்டைச் சப்மீட்டர் எண்ணாமல் விட வாய்ப்புண்டு. ஆனால் ஆறு வீட்டின் 3 வாட்டும் சேர்ந்து 18 வாட்டாக மெயின் மீட்டர் வழியே போகிறது. அதை மெயின் நன்றாகவே உணரும். பகலில் பத்து மணி நேரம், அறுபது நாள் என்றால் ஏறத்தாழ 11 யூனிட். ஆறு மீட்டருக்கும் தெரியாத பதினோரு யூனிட் ஏழாவது மீட்டரில் ஏறிவிட்டது. திருடர் இல்லாத திருட்டு.

பழைய தட்டு மீட்டரைச் சப்மீட்டராக வைத்திருக்கும் வீடுகள் சில உண்டு. உராய்வு கூடிப்போன தட்டு மெதுவாகச் சுற்றும். அந்த வீட்டுக்கு ஆதாயம், மற்றவர்களுக்கு நட்டம். இதைச் சோதிப்பது எளிது. மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்பது போல முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். தண்ணீர் நிறைந்த வாளியில் 1000 வாட் சூடேற்றும் கம்பியை வைத்து, வீட்டில் மற்றவற்றை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு என்று எண்ணுங்கள். (தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும் ஆர்வம் வேண்டாம்!) கணக்குப்படி 53 வர வேண்டும். 44 அல்லது 45 வந்தால் உடனே மீட்டரைக் குறை சொல்லிவிடாதீர்கள். மாலை வேளையில் மின்னழுத்தம் 210 வோல்ட்டாக இறங்கியிருந்தால் கம்பி எடுக்கும் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைந்து 834 வாட் ஆகிவிடும். ஆகவே கருவியில் எழுதிய வாட்டை நம்பாமல், மற்ற ஐந்து வீடுகளையும் ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லி, அதே நிமிடத்தில் மெயின் மீட்டரின் துடிப்பையும் எண்ணி ஒப்பிடுவதே சரியான சோதனை. ஐந்து வீட்டாரையும் ஒரு நிமிடம் அணைக்கச் சம்மதிக்க வைப்பதுதான் இச்சோதனையில் கடினமான பகுதி.

சப்மீட்டரை மாடிப்படியின் அடியில் முழங்கால் உயரத்தில் பொருத்தும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். 2021 நவம்பரில் கொசஸ்தலை ஆறு பெருகி மணலி புதுநகருக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த ஊரில் மீட்டரைத் தலை உயரத்துக்கு மேல் ஏற்றுவது கணக்குக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

தனித்தனி இணைப்பு உள்ள அடுக்ககங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பொது மீட்டர் என்ற வேறு தொல்லை உண்டு. 2022-ல் அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டுக்குத் தனி விகிதம் வந்தது, யூனிட்டுக்கு ரூ.8. எதிர்ப்புக்குப் பின் 2023-ல், பத்து வீடுகளுக்குள், மூன்று தளங்களுக்குள், மின்தூக்கி இல்லாத கட்டடங்களுக்கு அது ரூ.5.50 ஆகக் குறைக்கப்பட்டது. மணலி புதுநகரின் சிறு அடுக்ககங்கள் பலவற்றுக்கு இது பொருந்தும். இந்தப் பொது மீட்டரைச் சுற்றித்தான் எத்தனை சண்டை! "நான் தரைத்தளம், எனக்கு எதற்கு மோட்டார் செலவு? மூன்றாம் மாடிக்காரர்தான் கரண்டைத் தின்கிறார்."

இயற்பியல் என்ன சொல்கிறது? ஆயிரம் லிட்டர் தண்ணீரைச் சம்பிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் உள்ள மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டிய ஆற்றல், நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றின் பெருக்கல்: 1000 × 9.8 × 12 = 1,17,600 ஜூல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். ஆகவே 0.033 யூனிட். வீட்டு மோட்டாரின் மொத்தத் திறமை 30 விழுக்காடு என்று குறைத்தே வைத்தாலும் 0.11 யூனிட்தான். ரூ.8 விகிதத்திலும் ஆயிரம் லிட்டரை ஏற்ற ஒரு ரூபாய் ஆகாது. நாளொன்றுக்கு வீட்டுக்கு 500 லிட்டர், எட்டு வீடு, அறுபது நாள் என்றால் 26 யூனிட், ரூ.209. வீட்டுக்கு ரூ.26. இதற்காகவா ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்கிறார்கள்?

தரைத்தளத்துக்காரரின் வாதத்தில் இன்னொரு பிழையும் இருக்கிறது. அவர் குழாயில் வரும் தண்ணீரும் மேல்தொட்டிக்குப் போய்த்தான் இறங்கி வருகிறது. ஏற்றும் உயரம் எல்லோருக்கும் ஒன்றே. மூன்றாம் மாடியில் குழாய் மெல்ல ஒழுகுவதும் தரைத்தளத்தில் சீறிப் பாய்வதும் ஏன்? ஏற்றும்போது செலவழித்த ஆற்றலைத் தரைத்தளத்துக்காரர் அழுத்தமாகத் திரும்பப் பெறுகிறார். உயரத்தை வைத்துப் பிரிப்பதானால் அவர்தான் கூடுதலாகத் தர வேண்டும் என்று மூன்றாம் மாடிக்காரர் வாதிடலாம்! (ஆழ்துளைக் கிணற்றில் காற்றமுக்கி வைத்து இறைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அங்கே செலவு பல மடங்காகும்.) இதற்கிடையில் மாடிப்படியிலும் நடையிலும் 9 வாட் விளக்குகள் பத்து, இரவு முழுதும் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் இரு மாதத்தில் 65 யூனிட். மோட்டாரைப்போல் இரண்டரை மடங்கு. அதைப் பற்றி யாரும் சண்டையிட்டு நான் கேட்டதில்லை. மோட்டாருக்குச் சத்தம் உண்டு, விளக்குக்கு இல்லை. காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

உண்மையில் அளக்க வேண்டியது மோட்டாரின் மின்சாரத்தை விடத் தண்ணீரையே. லாரித் தண்ணீர் வாங்கும் கட்டடத்தில் பணம் போகும் இடம் அது. அந்தச் செலவைப் பெரும்பாலான சங்கங்கள் வீட்டுக்குச் சமமாகவோ சதுர அடிக்கு ஏற்பவோ பிரிக்கின்றன. இருவர் உள்ள வீடும் எட்டுப்பேர் உள்ள வீடும் ஒன்று. கழிவறைத் தொட்டியின் அடைப்பான் தேய்ந்து நிமிடத்துக்கு நூறு மில்லி லிட்டர் சத்தமில்லாமல் ஒழுகினால் நாளொன்றுக்கு 144 லிட்டர். இரு மாதத்தில் 8,600 லிட்டருக்கு மேல். சமப் பங்கீட்டில் அந்த வீட்டுக்காரர் அதில் எட்டில் ஒரு பங்கின் விலையைத்தான் கொடுக்கிறார். பழுதுபார்ப்பவருக்குக் கொடுக்கும் கூலி முழுவதும் அவருடையது. அவர் ஏன் பழுதுபார்ப்பார்?

இது மனிதர்களின் குணக்கேடு என்று சொல்லிவிடக் கூடாது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஓர் உணவு விடுதியில் சோதனை செய்து 2004-ல் வெளியிட்டார்கள். ஒரு மேசைக்கு ஆறு பேர். தாம் உண்டதற்குத் தாமே பணம் தர வேண்டும் என்றபோது ஒருவர் சராசரியாக 37 ஷெகல் அளவுக்கு உண்டார். மொத்தத்தை ஆறாகப் பிரிப்போம் என்றபோது அது 51 ஆயிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் அடுக்ககங்களின் தண்ணீரைப் பற்றி நாடளாவிய ஆய்வொன்று வந்தது. வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்த கட்டடங்களில் தண்ணீர்ச் செலவு 15.3 விழுக்காடு குறைந்திருந்தது. தலை எண்ணிக்கையோ பரப்பளவோ வைத்துச் சூத்திரத்தால் பிரித்த கட்டடங்களில் குறிப்பிடத்தக்க குறைவு ஒன்றும் இல்லை. சூத்திரம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் குழாயைத் திருகும் கைக்கு அது செய்தி சொல்வதில்லை.

சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை என்பது என் குறை. மகாராஷ்டிரத்தின் 1970-ஆம் ஆண்டு அடுக்கக உடைமைச் சட்டம், பொதுச் செலவுகளை ஒவ்வொருவருக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கின் விழுக்காட்டுக்கு ஏற்பப் பிரிக்கச் சொன்னது. வெளிச்சுவருக்குச் சாயம் பூசுவதற்கு அது பொருத்தமான அளவுகோல். தண்ணீருக்கு எப்படிப் பொருந்தும்? மனையில் கூடுதல் பங்கு உள்ளவருக்குக் கூடுதல் தாகமா? ஜெர்மனி 1981-ல் கொண்டுவந்த விதி இதைவிடத் தெளிவானது. அங்கே பிரச்சினை குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் செலவு. அதில் 50-க்குக் குறையாமலும் 70 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் அளந்த பயன்பாட்டின்படி பிரிக்க வேண்டும், மீதியைப் பரப்பளவுக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டின் வெப்பம் சுவரைக் கடந்து அடுத்த வீட்டுக்கும் போகிறது. ஆகவே முழுவதையும் அளவுக்கு விட்டுவிடவில்லை. நம் கட்டடங்களில் சம்ப் சுத்தம் செய்வதும் மோட்டார் பழுதும் யார் எவ்வளவு தண்ணீர் பிடித்தாலும் மாறாதவை. அவற்றைச் சமமாகப் பிரித்துக்கொண்டு, தண்ணீரின் விலையை மட்டும் மீட்டர்படி பிரிக்கலாம்.

ஆனால் தண்ணீருக்கு மீட்டர் வைப்பது மின்சாரத்தைப்போல் எளிதன்று. மின்சாரம் வீட்டுக்குள் ஒரே கம்பி வழியே நுழைகிறது. தண்ணீரோ மேல்தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், குளியலறைக்கு ஒரு குழாய், கழிவறைக்கு ஒரு குழாய் என்று மூன்று நான்கு வழியாக இறங்குகிறது. ஒரே செங்குத்துக் குழாய் மூன்று தளத்துக் குளியலறைகளுக்கும் பொது. அதனால் கட்டி முடித்த கட்டடத்தில் வீட்டுக்கு மூன்று மீட்டராவது வேண்டும். எட்டு வீட்டுக்கு இருபத்துநான்கு. அதைப் படித்து எழுத ஒருவர். அந்தச் செலவில் சங்கம் பின்வாங்குவது இயல்பே. பழைய கட்டடத்தில் இப்போதைக்குச் செய்யக்கூடியது, மேல்தொட்டிக்கு ஏறும் குழாயில் ஒரே ஒரு மீட்டர் வைப்பது. நள்ளிரவு பன்னிரண்டு முதல் நான்கு மணி வரை தொட்டியின் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்றும் ஒரு கோலை வைத்து அளந்து பார்க்கலாம். எல்லோரும் தூங்கும் நேரத்தில் இறங்குவது பெரும்பாலும் ஒழுக்குதான். எந்தக் குழாயின் வால்வை மூடினால் அது நிற்கிறது என்று பார்த்தால் எந்த வரிசை வீடுகள் என்பதும் தெரிந்துவிடும்.

புதிதாகக் கட்டுபவர்கள், வரைபடம் தாளில் இருக்கும்போதே, ஒவ்வொரு வீட்டுக்கும் மேல்தொட்டியிலிருந்து ஒரே ஒரு குழாய் வரும்படியும் அது வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு சாண் நீளம் வெளித்தெரியும்படியும் செய்யச் சொல்ல வேண்டும். மீட்டரை இன்றைக்கே வாங்க வேண்டியதில்லை. அந்த ஒரு சாண் குழாய் இருந்தால் போதும். கொத்தனாரிடம் அதைச் சொல்வதற்கு உரிய நேரம் அடித்தளம் தோண்டும் நாள்தான். சுவருக்குப் பூச்சு முடிந்த பிறகு சொன்னால் அவர் சிரிப்பார்.